கல்லூரி வளாகத்தில் மனநல ஆலோசனை

(கல்லூரி முதல்வர்களுக்கும் மாணவர் நலப் பொறுப்பு வகிக்கும் ஆசிரியர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)



மனநலம் பற்றிய வகுப்பில் பேச ஒரு மருத்துவரையோ உளவியல் பேராசிரியரையோ அழைப்பதுதான் வழக்கம். நீங்களோ பொருளியல் பயின்ற அரசு அலுவலன் ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். மனத்தின் நுட்பங்களை விளக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால், நல்ல நோக்குடன் வகுக்கப்பட்ட ஒரு திட்டம் கோப்பிலிருந்து புறப்பட்டுப் பயனாளியின் கைக்குச் சேர்வதற்குள் எங்கெங்கே நின்றுபோகிறது என்பதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வந்தவன் நான். அந்த அனுபவத்தைக் கொண்டே இன்று சில கருத்துக்களை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு நினைவைக் கூற அனுமதி வேண்டுகிறேன். 1990ஆம் ஆண்டு நான் முதுகலைப் பொருளியல் படித்துக்கொண்டிருந்தபோது, விடுதியில் என்னுடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர்தாம். பட்டப்படிப்பு வரை தாய்மொழியிலேயே பயின்று முதல் வகுப்பில் தேறியவர். ஆங்கிலத்தில் நடைபெற்ற வகுப்புகளில் அவர் மெல்ல மெல்லப் பேச்சிழந்தார். இரவு முழுவதும் விளக்கு எரியும். புத்தகத்தின் அதே பக்கம் திறந்தபடி இருக்கும். பிறகு உணவுக்கூடத்திற்கு வருவது குறைந்தது. வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் பிரிக்கப்படாமல் தலையணைக்கு அடியில் கிடந்தன. இவை யாவும் என் கண்முன் நிகழ்ந்தவை. நான் கேட்டது ஒன்றே: "விளக்கை அணைக்கலாமா?" ஒரு திங்கட்கிழமை ஊரிலிருந்து நான் திரும்பியபோது அவருடைய தகரப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. கல்லூரிப் பதிவேட்டில் "சொந்தக் காரணங்களால் விலகல்" என்று ஒரு வரி எழுதப்பட்டது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தேன். சிறிய கடை ஒன்று வைத்து நடத்திக்கொண்டிருந்தார். யார்மீதும் அவருக்குக் குறையில்லை. பேச்சுவாக்கில் அவர் கூறிய ஒன்றை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அவருடைய அறை வாசல் வரை சென்றாராம். மூன்று முறையும் அங்கே வேறு மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்களாம். திரும்பி வந்துவிட்டாராம்.

இன்று நான் கூற விழைவது அந்த வாசலைப் பற்றித்தான்.

எண்கள் கூறுவது

விடுதலை பெற்ற காலத்தில் சில லட்சம் பேரே பயின்ற நம் உயர்கல்வி நிலையங்களில், 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 4.33 கோடிப் பேர் பயின்றனர். கல்லூரிகளின் எண்ணிக்கை 45,000ஐத் தாண்டிவிட்டது. பத்துக் கல்லூரிகளில் ஆறு கிராமப்புறங்களில் அமைந்தவை. சராசரியாக ஒரு கல்லூரியில் சுமார் 700 மாணவர்கள். என் அறை நண்பரைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள் இவர்களுள் ஏராளம். இது நாடு பெருமைப்பட வேண்டிய வளர்ச்சியேயாகும்.

இதன் மறுபக்கத்தையும் நாம் நோக்கியாக வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். அவர்களுள் 13,044 பேர் மாணவர்கள். பள்ளி மாணவர்களும் இதில் அடங்குவர் என்றாலும், நாளொன்றுக்குச் சுமார் 35 மாணவர்கள் என்ற இந்த எண் நம்மை உறங்கவிடாது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்ந்து வந்ததாகக் கண்டது. குறைபாட்டின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறாமலேயே இருந்தனர் என்பதும் அதே ஆய்வின் முடிவாகும்.

இவற்றை உங்கள் கல்லூரி அளவில் எண்ணிப் பாருங்கள். 700 மாணவர்களில் நூற்றுக்கு ஐவர் மட்டுமே இன்னலுறுகின்றனர் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அவர்கள் 35 பேர். அதாவது ஒரு வகுப்பறை நிறைய மாணவர்கள். இந்த வகுப்பறைக்கு ஆசிரியர் இல்லை, கால அட்டவணை இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. என் நண்பரைப் போலப் பாதியில் விலகியவர்கள் எந்தக் கணக்கிலும் தனியே வருவதில்லை. கணக்கில் வராத இழப்புக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் கிடைப்பது அரிது என்பதை நான் அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன்.

சட்டமும் திட்டமும்

அரசு இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது பொருந்தாது. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டலும் ஆலோசனையும் மாணவர் நலப்பணிகளின் இன்றியமையாத பகுதி என்று அன்றே கருதியது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கப்பெற்றது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற அனுபவத்தை அடியொற்றி, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. இன்று 700க்கு மேற்பட்ட மாவட்டங்களுக்கு அது விரிந்துள்ளது. எனினும் கல்லூரி மாணவர் இத்திட்டங்களுக்கிடையே ஓர் இடைவெளியில் நின்றுபோனார். பள்ளி நலத்திட்டங்களின் வயதை அவர் கடந்துவிட்டார். மருத்துவமனைக்குச் செல்லும் அளவுக்குத் தம்மை நோயாளியாகவும் அவர் கருதுவதில்லை.

அண்மை ஆண்டுகளில் இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள் வலுப்பெற்றுள்ளன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாணவர்களின் உள நலனுக்கு ஆலோசகர்கள் வேண்டும் என்று கூறுகிறது. 2022 அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்நேரமும், பல இந்திய மொழிகளில் பேசலாம். அதே ஆண்டு வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலை இறப்புகளை 10 சதவீதம் குறைப்பதை இலக்காக வகுத்தது. 2023-24ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை மனநலத்தைப் பொருளாதாரப் பிரச்சினையாகவே எடுத்து விவாதித்தது. 2025 மார்ச்சில், உயர்கல்வி நிலையங்களில் நிகழும் மாணவர் தற்கொலைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று மற்றொரு வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்றும், சிறிய நிலையங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் நெறிமுறைகள் வகுத்தது.

ஆகவே "வேண்டுமா, வேண்டாமா" என்ற கேள்வி முடிந்துவிட்டது. எவ்வாறு அமைப்பது என்பதே இப்போது நம்முன் உள்ள கேள்வி. ஆணை வந்துவிட்டது என்பதற்காக ஓர் அறைக்குப் பெயர்ப்பலகை மாட்டி, ஏற்கெனவே பணிச்சுமை மிக்க ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாளர் என்று எழுதி, ஆய்வுக்கு வருவோரிடம் காட்டுவது மிகவும் எளிது. அவ்வாறு பிறந்து பூட்டிக் கிடக்கும் அறைகள் பல துறைகளில் உண்டு என்பதை ஓர் அரசு அலுவலன் மறுக்க இயலாது.

அறைக்குரிய நான்கு இலக்கணங்கள்

ஆலோசனை அறை மாணவருக்குப் பயன்பட வேண்டுமாயின் நான்கு தன்மைகள் அதற்கு வேண்டும்.

முதலாவது, இடம். முதல்வர் அறைக்கு அருகிலோ, ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடும் கூடத்திலோ அவ்வறை இருக்கலாகாது. நூலகம், வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம், விளையாட்டுத் துறை போன்ற, எல்லாரும் எல்லாக் காரணங்களுக்காகவும் சென்றுவரும் பகுதியில் அமைதல் நலம். அங்கே செல்லும் மாணவரைக் கண்டு "இவருக்கு என்ன?" என்று யாரும் திரும்பிப் பார்க்காத நிலை வேண்டும். தேர்வுக்கு ஆயத்தமாவது, விடுதி வாழ்வுக்குப் பழகுவது, ஆங்கில வழிக்கு மாறுவது போன்ற எளிய காரணங்களுக்காக முதலாண்டு மாணவர் அனைவரும் ஒருமுறை ஆலோசகரைச் சந்திக்குமாறு செய்தால், பின்னாளில் பெரிய காரணத்துக்காக வருபவருக்கு அவ்வாசல் பழகிய வாசலாக இருக்கும்.

இரண்டாவது, இரகசியம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சேவை பெறுவோரின் இரகசியம் காக்கப்படும் உரிமையை உறுதி செய்கிறது. ஆலோசகரின் குறிப்பேடு கல்லூரி அலுவலகத்துக்குச் செல்லலாகாது. நன்னடத்தைச் சான்றிதழிலோ வேலைவாய்ப்பு முகாமிலோ அதன் நிழல் படலாகாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் தேவையானவரிடம் தேவையான அளவு தெரிவிக்கப்படும் என்பதை, முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும்.

மூன்றாவது, நிலைபேறு. ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இருவர் மாறி வருவாராயின், தம் கதையை இரண்டாம் முறை முதலிலிருந்து சொல்ல எந்த மாணவரும் வர மாட்டார். நம்பிக்கை என்பது ஒரே முகத்தைப் பலநாள் காண்பதால் வருவது. ஆலோசகர் பணியிடம், நூலகர் பணியிடத்தைப் போலக் கல்லூரியின் நிரந்தர அங்கமாதல் வேண்டும்.

நான்காவது, தொடர்பு. ஆலோசகர் எல்லா நோயையும் தீர்ப்பவர் அல்லர். பேச்சால் ஆறும் துயரம் உண்டு. மருந்து வேண்டிய நோயும் உண்டு. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். அருகிலுள்ள அரசு மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்ட அலுவலகம் ஆகியவற்றுடன் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, எந்த நாளில் யாரைப் பார்க்கலாம் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். நெருக்கடி வந்தபின் முகவரி தேடுவது காலங்கடந்த செயலாகும்.

செலவு எவ்வளவு?

"நிதிக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆலோசகர் ஒருவருக்கு மாதம் ரூ.40,000 ஊதியம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.4,80,000 ஆகும். 700 மாணவர் கொண்ட கல்லூரியில் இது ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ரூ.700க்கும் குறைவு, நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. பல மாணவர்கள் பேருந்துக்கும் தேநீருக்கும் ஒரு நாளில் செலவிடும் தொகை இதைவிட அதிகம்.

மறுதட்டில் இருப்பது என்ன? நிலத்தை அடகு வைத்தோ, வங்கியில் கடன் பெற்றோ மகளைப் படிக்க அனுப்பிய ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு அங்கே இருக்கிறது. அவர் இரண்டாம் ஆண்டில் விலகினால் கடன் நிற்கும், பட்டம் வராது. அரசு அவருக்குச் செலவிட்ட உதவித்தொகையும் மானியமும் முழுப்பயன் தராமல் போகும். கட்டிய அணையில் மதகு வைக்க மறந்ததைப் போன்றது இது. உயிரிழப்பையோ எந்தக் கணக்காலும் அளக்க முடியாது; அளக்க முயல்வதும் முறையாகாது.

ஒரே ஊரில் அமைந்த மூன்று சிறு கல்லூரிகள் ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளலாம். வாரத்தில் எந்த நாள் எந்தக் கல்லூரி என்பது மாணவர் கைப்புத்தகத்தில் அச்சிடப்பட்டிருந்தால் போதும். மற்ற நாள்களில் அழைக்க 14416 என்ற எண் ஒவ்வோர் அடையாள அட்டையின் பின்புறத்திலும் இருக்கட்டும். 1969ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்று நாடெங்கும் வேரூன்றியுள்ளது. அதன் தொண்டர்களுக்கு, துயருறும் நண்பரை அடையாளம் கண்டு உரியவரிடம் அழைத்துச் செல்லும் பயிற்சியை மட்டும் அளித்தால், 1990இல் என்னிடம் இல்லாத அறிவு இன்றைய அறை நண்பர்களிடம் இருக்கும்.

ஆலோசனையும் அறிவுரையும்

"ஆலோசனை" என்ற சொல்லே நம்மைச் சற்று வழிமாற்றக்கூடியது. நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அறிவுரைக்கு ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை. "நாங்கள் படாத கஷ்டமா?", "நன்றாகப் படி, எல்லாம் சரியாகிவிடும்" என்பன அன்பினால் கூறப்படுபவையே, ஆனால் அவற்றைக் கேட்டபின் மாணவர் மேற்கொண்டு பேசுவதில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் செய்வது செவிமடுப்பது. தீர்ப்புக் கூறாமல் கேட்டு, குழம்பிக் கிடக்கும் சிக்கலை மாணவரே இழை இழையாகப் பிரித்துப் பார்க்கத் துணை நிற்பது அவர் தொழில். அதற்குத் தனிப்படிப்பும் மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும் தேவை. நல்ல மனம் மட்டும் போதாது.

அவ்வாறாயின் ஆசிரியரின் கடமை யாது? கவனித்தல், கேட்டல், அழைத்துச் செல்லல் ஆகிய மூன்றே. முன்வரிசை மாணவர் பின்வரிசைக்குச் சென்றுவிட்டாரா, தொடர்ந்து வந்தவர் வராமல் இருக்கிறாரா, தமக்குப் பிரியமான பொருள்களை எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். தனியே அழைத்து, "சில நாள்களாக உங்களைப் பார்க்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். உயிரை விட்டுவிடும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. கேட்பது அவருக்கு ஆறுதலாகவே அமையும் என்பது வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட கருத்து. அத்தகைய எண்ணம் உண்டு என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே உடன் சென்று உரியவரிடம் சேர்ப்பியுங்கள்.

தற்கொலைக்கு முயன்று மீண்டவரை விடுதியிலிருந்து நீக்குவதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் அறமாகாது. சட்டத்தின் போக்கும் அதற்கு நேர்மாறானது. அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

விதிகளையும் திருத்துவோம்

இறுதியாக ஒன்று. எல்லாத் துயரமும் மாணவரின் மனத்துக்குள் பிறப்பதில்லை. உதவித்தொகை எட்டு மாதம் தாமதமாவதால் கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்புக்கு வெளியே நிற்கும் மாணவருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுத் தருவது நியாயமாகாது; அவருக்கு வேண்டியது கோப்பில் ஒரு கையெழுத்து. இதில் என் போன்ற அலுவலர்களின் பொறுப்பு சிறிதன்று. சாதியின் பேரால் இழிவுபடுத்தப்படும் மாணவருக்கும் பகடிவதைக்கு உள்ளாகும் மாணவருக்கும் ஆறுதல் மட்டும் போதாது, நீதி வேண்டும்.

விதி ஒன்றை மாற்றுவதே உயிர் காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று உண்டு. மேல்நிலைப் பள்ளித் தேர்வில் தவறியவர்கள் முன்பு ஓராண்டை இழக்க நேர்ந்தது. முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அவ்வாண்டே கல்லூரியில் சேரலாம் என்ற ஏற்பாடு பின்னர் வந்தது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா அமைப்பு இதை வலியுறுத்தியவற்றுள் ஒன்று. ஒரு தோல்வியை ஓராண்டுத் தண்டனையாக்காமல் சில வாரக் காத்திருப்பாக்கிய எளிய நிருவாக ஏற்பாடு இது.

ஆகவே ஆலோசகர் ஆண்டுதோறும் முதல்வருக்கு ஓர் அறிக்கை தரட்டும். அதில் ஒருவர் பெயரும் வேண்டாம். எத்தனை பேர் கட்டணத் தொல்லையால் வந்தனர், எத்தனை பேர் மொழித் தடையால், எத்தனை பேர் நிலுவைப் பாடங்களால், எத்தனை பேர் அவமதிப்பால் என்ற எண்கள் மட்டும் போதும். அந்த அறிக்கை ஆட்சிக்குழுவின் முன் வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு எந்த விதி மாறியது என்பதும் பதிவாகட்டும். அப்போதுதான் ஆலோசனை அறை, கல்லூரி தன்னையே திருத்திக்கொள்ளும் கருவியாகவும் அமையும்.

நண்பர்களே, நான் கேட்பது பெரிய கட்டடமன்று. பயிற்சி பெற்ற ஒருவர், இரண்டு நாற்காலிகள், காதில் விழாத சுவர், யார் நின்றாலும் இயல்பாக நுழையக்கூடிய ஒரு வாசல். நீங்கள் ஊர் திரும்பியதும், உங்கள் கல்லூரியில் கடந்த ஆண்டு "சொந்தக் காரணங்களால்" விலகியவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அவர்களுள் ஒருவருக்கேனும் கடிதம் எழுதி, நலம் விசாரித்து, திரும்பி வர விருப்பமா என்று கேளுங்கள். பணி அங்கிருந்து தொடங்கட்டும்.